வீட்டை விஸ்தரிக்கப் போகிறீர்களா? முதலில் வரைபடம், பிறகு சீமெந்து

வர்த்தகர்களாகிய நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடைக்கு ஒரு லொறிச் சரக்கு இறக்குவதென்றால் நான்கு இடங்களில் விலை விசாரிப்போம். கடன் எத்தனை நாளைக்கு, ஏற்றுக்கூலி யாருக்கு, உடைந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே சரி என்போம். ஆனால் அதே நாம் வீட்டுக்கு ஓர் அறை கூட்டும்போது மேசன் பாஸை வளவுக்கு அழைத்து, மணலில் ஒரு கோடு கீறி, "இந்த அளவுக்கு வரட்டும்" என்று சொல்லி விடுகிறோம்.

அத்திவாரம் எழும்பிய பின்னர் குசினி சிறிதாகத் தெரிகிறது. சுவர் எழும்பிய பின்னர் யன்னல் இடம் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கல், சீமெந்து, கூலி என்று பணம் போகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மில் பெரும்பாலானோருக்கு வீட்டு லாச்சியும் கடை லாச்சியும் ஒன்றுதான். பெருநாள் சீசனுக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த முதல், பாதி எழும்பிய சுவரில் முடங்கி விடுகிறது. நான் பார்த்த சில கடைகளின் வீழ்ச்சிக்கு வியாபாரம் குறைந்தது காரணமல்ல. வீட்டு வேலை திட்டமின்றி நீண்டதே காரணம்.

எனவேதான் இவ்வாரம் வீட்டு விஸ்தரிப்பைக் கணினியில் வரைந்து பார்க்க உதவும் மென்பொருட்களைப் பற்றியும், அவற்றில் எதைத் தெரிவு செய்வது என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் கண்டது

காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் இடையே பிரதான வீதியால் போய்வரும் வாசகர்களுக்குக் களுவாஞ்சிக்குடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய நிலம். தொழில் நிமித்தம் அடிக்கடி அங்கு போய்வருபவன் என்ற வகையில் நான் கவனித்த ஒரு விடயம், அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாக வீடு கட்டுவோரை விட, இருக்கும் வீட்டை நீட்டுவோரே அதிகம் என்பதாகும்.

இதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குக் குறைந்தபட்ச அளவாக 500 சதுர அடி வகுக்கப்பட்டது. தாமே கட்டிக்கொள்வோருக்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியளவில் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் உதவித் தொகையாக நிர்ணயிக்கப்பட்டன. பின்னர் 2012 இல் வடக்கு கிழக்கில் பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில் ஆரம்பித்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்த வீடுகளும் ஏறத்தாழ 550 சதுர அடி அளவானவையே.

அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று குடும்பமாகி விட்டார்கள். இரண்டு அறை வீடு போதவில்லை. சிலர் பின்னால் ஓர் அறை கூட்டுகிறார்கள். சிலர் வீதிப் பக்கமாகக் கடை இறக்குகிறார்கள். சிலர் மாடி போட நினைக்கிறார்கள். நமது ஊர்களிலும் இதே கதைதான். ஆகவே இது ஓர் ஊரின் பிரச்சினை அல்ல.

புதிய வீடு கட்டுவதை விட விஸ்தரிப்பு சிக்கலானது. ஏனெனில் பழைய சுவர், பழைய கூரை, பழைய கிணறு, மலக்குழி எல்லாம் ஏற்கனவே அங்கே இருக்கின்றன. பின்பக்கமாக ஓர் அறையைக் கூட்டினால், அதுவரை வெளிச்சமும் காற்றும் பெற்று வந்த பழைய அறையின் யன்னல் புதிய அறைக்குள் போய் விடுகிறது. நடு அறை இருட்டறையாகிறது. பகலிலும் மின்குமிழ் எரிகிறது. இதை மணலில் கீறிய கோடு காட்டாது. கணினியில் வரைந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்து விடும். மென்பொருளின் முதற் பயன் இதுதான்: தவறு நடப்பதைச் சுவரில் அல்லாமல் திரையில் நடக்க விடுவது.

முதலில் அளவு நாடா

எந்த மென்பொருளைத் தெரிவு செய்தாலும், அதற்கு நாம் கொடுக்கும் அளவு பிழையென்றால் வரும் படமும் பிழைதான். ஆகவே கணினியைத் திறக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரத்தை அளவெடுப்பதற்கு ஒதுக்குங்கள். நூறு அடி நாடா ஒன்று, பிடித்துக்கொள்ள ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர் போதும்.

ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர்களின் உள்ளளவை எடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். 14 அடிக்கு 12 அடி அறை சரியான மட்டத்தில் இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் 18 அடி 5¼ அங்குலம் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கோணலை மறைத்துப் படம் வரைந்தால், புதிய சுவர் பழைய சுவரோடு சேருமிடத்தில் அது வெளிவரும்.

சுவரின் தடிப்பு, கதவு யன்னல்களின் அகலம், தரையிலிருந்து யன்னல் அடிவரை உயரம், கூரையின் தாழ்ந்த பக்க உயரம், கிணறு, மலக்குழி, எல்லை மதில், வீதி ஆகியவற்றுக்கான தூரம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காணியின் நில அளவைப் படத்தையும் எடுத்து வையுங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 10 பேர்ச் என்றால் 2,722.5 சதுர அடி. வீடு, கிணறு, மலக்குழி, வழி போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கி விடும்.

இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்?

"எது நல்ல மென்பொருள்?" என்று என்னிடம் கேட்போரிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. ஒரு சரக்கின் தரம் அதை வாங்குபவரின் தேவையைப் பொறுத்தது. வரைபடமும் அப்படித்தான். வீட்டு விஸ்தரிப்புப் படத்துக்கு மூன்று வகையான வாசகர்கள் உள்ளனர்.

முதலாமவர் உங்கள் குடும்பத்தினர். அவர்களுக்குக் கோடுகளும் இலக்கங்களும் விளங்காது. குசினிக்குள் நின்று பார்த்தால் எப்படி இருக்கும், வரவேற்பறையில் விருந்தாளி இருக்கும்போது பெண்கள் உள்ளே போய்வர வேறு வழி இருக்கிறதா, கட்டில் போட்டால் கதவு திறக்குமா என்பதே அவர்களது கேள்வி. இவர்களுக்கு முப்பரிமாணப் படம் வேண்டும்.

இரண்டாமவர் மேசன் பாஸ். அவருக்கு அழகிய நிறப்படம் தேவையில்லை. அளவுகள் தெளிவாக எழுதப்பட்ட ஒரு தாள் வேண்டும். அதுவும் அடி அங்குலத்தில் வேண்டும். நனைந்தாலும் கிழிந்தாலும் இன்னொன்று எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

மூன்றாமவர் பிரதேச சபை, அத்துடன் கடன் எடுப்பதாயின் வங்கி. இவர்களுக்குத் தகுதியுள்ள ஒருவர் கையொப்பமிட்ட, அளவுத்திட்டத்துக்கு அமைந்த வரைபடம் வேண்டும். நமது நாட்டில் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டே கட்டடத்துக்கும் அதில் செய்யும் மாற்றத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்து மூல அனுமதி தேவைப்படுகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உட்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் 2021 இல் வெளியான அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். நீங்கள் வீட்டில் வரைந்த படத்தைச் சபையில் கொடுத்து அனுமதி எடுக்க முடியாது. அதைப் படவரைஞரிடம் கொடுத்து, அவர் தனது மென்பொருளில் வரைந்து தர வேண்டும்.

ஆகவே ஒரு சாதாரண வர்த்தகருக்குத் தேவை மூன்றாமவருக்கான மென்பொருள் அல்ல. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் விளங்கும் படத்தைத் தரும் மென்பொருளே போதும். மூன்றாவது வேலை படவரைஞருக்குரியது. இதை விளங்கிக்கொண்டால் பாதித் தெரிவு முடிந்து விட்டது.

கடைத்தெருவில் என்ன உண்டு?

முதலாவது, ஸ்வீட் ஹோம் 3டி. இது இலவசமானது, மூல நிரலும் திறந்திருக்கிறது. கணினியில் நிறுவினால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். திரையின் ஒரு பக்கத்தில் சுவர்களைத் தரைப்படமாக வரைய, மறுபக்கத்தில் அதுவே முப்பரிமாணத்தில் எழும்பும். கட்டில், அலுமாரி, கதவு, யன்னல்களை இழுத்துப் போடலாம். அடி அங்குலத்திலும் மீற்றரிலும் வேலை செய்யலாம். பழைய வீட்டின் வரைபடம் தாளில் இருந்தால் அதை ஸ்கேன் செய்து பின்னணியில் வைத்து, தெரிந்த ஒரு சுவரின் நீளத்தைச் சொல்லி விட்டால் அளவு பொருந்தி விடும். விஸ்தரிப்பு வேலைக்கு இது பெரிய உதவி. மாடிகளைத் தனித்தனியாக வரையலாம். குறிப்பிட்ட அளவுத்திட்டத்தில் அச்சிடலாம். குறை என்னவென்றால், சாய்வுக் கூரை போடுவது இதில் இலகுவல்ல. படவரைஞர்கள் பாவிக்கும் டி.டபிள்யூ.ஜி வகைக் கோப்பையும் இது நேரடியாகத் தராது.

இரண்டாவது, ஸ்கெட்ச்அப். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006 இல் கூகுள் வாங்கியது, 2012 இல் ட்ரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கூரை, படிக்கட்டு, போர்ட்டிக்கோ போன்ற எந்த வடிவத்தையும் இதில் இழுத்து உயர்த்தலாம். இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்றும் காட்டும். கணினியில் நிறுவக்கூடிய இலவசப் பதிப்பு 2017 ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்று விட்டது. இப்போதைய இலவசப் பதிப்பு இணைய உலாவி வழியாகவே இயங்குகிறது, அதுவும் சொந்தப் பாவனைக்கு மட்டும். பழக ஒரு வாரமாவது வேண்டும்.

மூன்றாவது, ஓட்டோகேட். 1982 இல் வந்த இதுவே படவரைஞர்களின் மொழி. ஆனால் 2016 முதல் இதன் நிரந்தர உரிமம் புதிதாக விற்கப்படுவதில்லை. சந்தா கட்டிப் பாவிக்க வேண்டும். ஓர் அறை கூட்டுவதற்காக இதை வாங்குவது, ஒரு மூடை அரிசி ஏற்ற லொறி வாங்குவதைப் போன்றது. இதைப் போன்ற இருபரிமாண வேலைக்கு லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஓரளவு தொழில்நுட்பப் படம் வரையப் பழகியவர்களுக்கு அது பொருந்தும். முப்பரிமாணம் அதில் இல்லை.

நான்காவது, கைபேசியிலும் உலாவியிலும் இயங்கும் பிளோர்பிளானர், பிளானர் 5டி போன்றவை. இவை கையாள மிக இலகு. வீட்டார் ஆசைப்படுவதைக் காட்ட நல்லவை. ஆனால் சில வசதிகளுக்குப் பணம் கேட்கும். உங்கள் படம் உங்கள் கணினியில் அன்றி அவர்களது சேவையகத்தில் இருக்கும்.

ஐந்தாவதையும் விட்டு விடக் கூடாது. அது கட்டம் போட்ட கணக்குக் கொப்பி. ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து வரைந்தால், ஓர் அறை மட்டும் கூட்டும் சிறு வேலைக்கு அதுவே போதும். கணினி தெரியாது என்பதற்காக எவரும் படம் இல்லாமல் வேலை தொடங்கத் தேவையில்லை.

என் பரிந்துரையைக் கேட்டால், பெரும்பாலான வாசகர்களுக்கு ஸ்வீட் ஹோம் 3டி முதலிடம். கூரை சிக்கலாக இருந்தால் மட்டும் ஸ்கெட்ச்அப்.

ஒரு சிறு கணக்கு

மென்பொருள் தரும் இயல்பான சுவர்த் தடிப்பை அப்படியே விட்டு விடாதீர்கள். அது வேறு நாட்டுச் சுவராக இருக்கலாம். நமது 6 அங்குலப் புளொக் கல்லும் இரு பக்கப் பூச்சும் சேர்ந்தால் ஏழு அங்குலத்தைத் தாண்டும். கல்லின் 6 அங்குலத்தை மட்டும் வைத்தே ஓர் உதாரணம் பார்ப்போம்.

பழைய வீட்டின் பின்சுவரோடு ஒட்டி 14 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஓர் அறை வேண்டும். இது உள்ளளவா, வெளியளவா? உள்ளளவு என்றால் 168 சதுர அடி கிடைக்கும். மேசன் அதை வெளியளவாக எடுத்து விட்டால் நீளத்தில் இரு பக்கமும் சேர்த்து 1 அடி, அகலத்தில் அரை அடி குறையும். 13 அடிக்கு 11½ அடி, அதாவது 149½ சதுர அடி. ஒரு சொல் விடுபட்டதால் 18½ சதுர அடி போய் விட்டது. இது ஓர் அலுமாரியும் அதன் முன்னால் நிற்கும் இடமும் ஆகும். ஆகவே தாளில் "உள்ளளவு" என்று எழுதுங்கள்.

இனிக் கல். புதிதாகக் கட்டும் மூன்று சுவர்களின் நீளம் 15, 12, 12. மொத்தம் 39 அடி. உயரம் 10 அடி என்றால் 390 சதுர அடி. ஒரு கதவு 3 அடிக்கு 7 அடி, இரண்டு யன்னல்கள் 4 அடிக்கு 4 அடி. இவை 53 சதுர அடி. மிகுதி 337 சதுர அடி. 16 அங்குலத்துக்கு 8 அங்குலக் கல்லுக்குச் சதுர அடிக்கு 1.125 கல் வீதம் 379 கல். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் ஏறத்தாழ 400. கதவு யன்னலைக் கழிக்காமல், உடைவும் சேர்க்காமல் மனக்கணக்குப் போட்டாலே 439 வந்திருக்கும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு பொருளுக்கும் பெருக்கிப் பாருங்கள். 2022 இல் சீமெந்து விலை குறுகிய காலத்தில் எத்தனை தடவை ஏறியது என்பதை நாம் மறக்கவில்லை. அளவு முன்கூட்டியே தெரிந்தவர்தான் விலை ஏறும் முன் வாங்க முடியும்.

அச்சிட்ட தாளையும் ஒரு தடவை சோதியுங்கள். 1:100 அளவுத்திட்டத்தில் 10 அடிச் சுவர் தாளில் 30.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அச்சு இயந்திரம் தாளுக்குப் பொருந்துமாறு படத்தைச் சுருக்கி விடுவது வழமை. மேலும், ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம் என்ற பழைய முறை 1:100 அல்ல, 1:96 ஆகும். அதை 1:100 அடிமட்டத்தால் அளந்தால் 10 அடிச் சுவர் 10 அடி 5 அங்குலமாகி விடும். ஆகவே எவரையும் தாளை அளந்து கட்ட விடாதீர்கள். எழுதிய இலக்கத்தைப் பார்த்தே கட்ட வேண்டும்.

இலவசமும் உரிமமும்

இலவசம் என்ற சொல்லை வர்த்தகர்களாகிய நாம் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ட்ராப்ட்சைட் என்றொரு வரைபட மென்பொருள் பல வருடங்கள் இலவசமாகக் கிடைத்தது. பலர் தமது படங்களை எல்லாம் அதிலேயே வைத்திருந்தனர். 2019 இல் நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்தியது. பழைய இலவசப் பதிப்புகள் 2019 டிசம்பர் 31 க்குப் பின் இயங்கவில்லை. தொடர்ந்து பாவிக்கப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு நிறுவனத்தின் இலவசச் சலுகை வேறு, திறந்த மூல மென்பொருளின் இலவசம் வேறு. முன்னதை நிறுவனம் திருப்பி எடுக்கலாம். பின்னதில் ஒருமுறை எடுத்த பதிப்பு உங்களோடு இருக்கும்.

சந்தாவில் இன்னொரு விடயம் உண்டு. அது பெரும்பாலும் டொலரில் வசூலிக்கப்படுகிறது. 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த ஒரு டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. சந்தா ஒரு சதமும் ஏறாமலே நமக்கு ஏறியது.

எதைப் பாவித்தாலும் முடிந்த படத்தின் பிரதி ஒன்றை பி.டி.எப் கோப்பாக எடுத்து வையுங்கள். இன்னொன்றை அச்சிட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். அடுத்த விஸ்தரிப்பு உங்கள் பிள்ளை செய்வதாக இருக்கலாம்.

கள்ளப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. நமது கடையில் ஒருவர் சொல்லாமல் ஒரு பொருளை எடுத்துச் சென்றால் நாம் அதை என்னவென்று சொல்வோமோ, அதேதான் இதுவும். தவிரவும் கள்ளப் பிரதியோடு வைரஸும் வரும். கடைக் கணக்கு இருக்கும் கணினியில் அதைப் போடுவது பெரும் ஆபத்து.

ஹாட்வெயார், தளபாடம், அலுமினிய வேலை செய்யும் சகோதரர்களுக்கு இதில் ஒரு வியாபார வாய்ப்பும் உண்டு. வாடிக்கையாளர் கொண்டு வரும் அளவைக் கடையிலேயே வரைந்து காட்டி, கல்லையும் ஓட்டையும் எண்ணிக் கொடுத்தால் அவர் வேறு கடைக்குப் போக மாட்டார். ஆனால் வியாபாரத்துக்குப் பாவிப்பதாயின் உரிமத்தைப் பாருங்கள். ஸ்கெட்ச்அப் இலவசப் பதிப்புக்கு அந்த அனுமதி இல்லை. ஸ்வீட் ஹோம் 3டி, லிப்ரேகேட் ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

திரை சொல்லாதவை

இங்குதான் மிகுந்த கவனம் தேவை. இந்த மென்பொருட்கள் எந்தச் சுவருக்கு மேலும் ஒரு மாடியை வைக்க மறுக்காது. கீழே இருப்பது மாடியைத் தாங்கும் அத்திவாரமா, ஒரு மாடி வீட்டுக்குப் போட்ட கல் அத்திவாரமா என்று அவற்றுக்குத் தெரியாது. 500 சதுர அடி வீடுகள் பெரும்பாலும் தனி மாடி வீடுகளாகத் திட்டமிடப்பட்டவை. அவற்றுக்கு மேலே ஸ்லப் போடும் முன் ஒரு பொறியியலாளரைக் கொண்டு அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பது அவசியம். அந்தக் கட்டணத்தைச் செலவென்று நினைக்க வேண்டாம்.

மாடியைச் சரக்கறையாக்க நினைக்கும் வர்த்தகர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். குடியிருப்பு மாடி பொதுவாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் பாரத்தை எண்ணியே அமைக்கப்படுகிறது. 50 கிலோ மூடைகள் பத்தை ஒரு சதுர மீற்றரில் அடுக்கினால் 500 கிலோ. மும்மடங்கைத் தாண்டி விட்டது. கீழே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். படத்தில் அந்த அறை அழகாகவே தெரியும்.

கூரையையும் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியை நமது மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். பழைய கூரையோடு புதிய தகட்டைச் சும்மா செருகி விட்டால் காற்று முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். மழையும் அந்த இடத்தால்தான் ஒழுகும். வாடைக் காலத்தில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கோடையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். யன்னலை எந்தப் பக்கம் வைப்பது, தாழ்வாரம் எவ்வளவு நீட்டுவது என்பதை வெளிநாட்டு மென்பொருள் சொல்லாது. அதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

நிலமும் சட்டமும் கூடத் திரையில் இல்லை. மணற்பாங்கான, நிலத்தடி நீர் உயர்ந்த இந்தக் கரையில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்த பின்னரே புதிய மலசலகூடத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். கடலோடு தொடுத்த களப்புகளுக்கும் எல்லை உண்டு. அங்கு கட்டுவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். பிரதான வீதியோரம் கடை இறக்குவோர் வீதிக்கோட்டைச் சபையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வீதி அகலிக்கும்போது உடைபடுவது கோட்டுக்கு வெளியே கட்டிய கடைதான்.

இரண்டு மணித்தியாலப் பரீட்சை

ஒரு மென்பொருள் உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய விளம்பரம் தேவையில்லை. பின்வரும் ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. நீங்கள் இப்போது இருக்கும் ஓர் அறையை அடி அங்குலத்தில் வரையுங்கள். சுவர்த் தடிப்பை நமது சுவருக்கு மாற்றுங்கள். அரை மணித்தியாலத்தில் முடியாவிட்டால் அது உங்களுக்கானதல்ல.

2. அறையின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் மேசனுக்குக் கொடுக்கும் படத்தில் சிரமம் வரும்.

3. இணையத்தைத் துண்டித்து விட்டுத் திறந்து பாருங்கள். மின்வெட்டும் இணைய வெட்டும் உள்ள ஊரில் இது முக்கியம்.

4. 1:100 இல் அச்சிட்டு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

5. வீட்டிலுள்ள பெண்களிடம் காட்டுங்கள். அவர்கள் "அலுமாரி எங்கே? அடுப்பு எங்கே?" என்று கேட்கத் தொடங்கினால் படம் விளங்கி விட்டது. அந்தக் கேள்விகளுக்கு ஏற்ப மாற்றுங்கள். திரையில் ஒரு சுவரை நகர்த்தக் கூலி இல்லை.

இதன் பின் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு படவரைஞரிடம் செல்லுங்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து வரும் வாடிக்கையாளரை நாம் எப்படி விரும்புவோமோ, அவரும் உங்களை அப்படியே விரும்புவார். அவர் தரும் இறுதிப் படத்துக்குச் சபையின் அனுமதி கிடைத்த பின்னரே கல்லுக்கு முற்பணம் கொடுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழையும் பெற்று உறுதியோடு வையுங்கள். பின்னொரு நாளில் வீட்டை விற்கவோ பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவோ அது தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. அனுமதி பெற்ற படத்தை வைத்து மொத்தச் செலவைக் கணக்கிட்ட பின், அந்தத் தொகையைக் கடை முதலிலிருந்து பிரித்து வேறு கணக்கில் வையுங்கள். அது போதாவிட்டால் சுவரைத் தொடங்காமல், படத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து முதற் கட்டத்தை மட்டும் கட்டுங்கள். கூரையோடு முடிந்த ஓர் அறை, லிண்டல் மட்டத்தில் நிற்கும் மூன்று அறைகளை விட மேலானது.